போனஸ் போகாத வண்டி

செருப்போடயே வாங்க தம்பி, பரவால்ல. ஷெட்டுல மண்ணுதானுங்க. வண்டி பாக்க வந்தவரைச் செருப்பைக் கழட்டச் சொன்னா நல்லாவா இருக்கும். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்துதானுங்களே? பாப்பா போன்ல சொல்லுச்சு. "சனிக்கெழமை ஒருத்தர் வருவாருப்பா, வண்டியைப் போட்டோ எடுப்பாரு, நீங்க கம்முனு இருந்தாப் போதும்"னு. நான் எங்கீங்க கம்முனு இருக்கறது. பால்காரரைத் தவிர இந்த ஊட்டுக்கு ஒரு ஆள் வந்து எத்தனை நாளாச்சு.

எடுங்க, முன்னால இருந்து எடுங்க. வெளிச்சம் பத்தலைன்னா வாசலுக்கு எடுத்து நிறுத்தறேன். கேட்டுக்கு வெளிய எறக்க மாட்டேனுங்க, அதை மட்டும் சொல்லாதீங்க. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ரோட்டுல எறக்கற ஆளு நானில்ல. ரெண்டு மாசமா தெனமும் வெடியால எந்திரிச்சதும் ஸ்டார்ட் பண்ணி, சித்தெ நேரம் ஓடவிட்டு, நிறுத்திடறது. பேட்டரி எறங்கிரக் கூடாதில்லீங்களா. ஷெட்டுக்குள்ளயே கொஞ்சம் முன்னால, கொஞ்சம் பின்னால. அதுக்கே சீட் பெல்ட்டுப் போட்டுக்குவேன். சிரிக்காதீங்க தம்பி, பழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல.

ஆர்.சி. புக்குல இருக்கற சென்னியப்பன் நான்தான். பஞ்சு மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன். யாரு எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்க, யாரு லேட்டு, யாரு முன்னாலயே நழுவுனாங்கன்னு பாக்கறதுதான் வேலை. என்னைக் கண்டாலே ஆளுக ஓட்டமா ஓடி வருவாங்க. ஒருத்தரும் என்னைத் திட்டுனதில்லீங்க. எனக்கு முன்னால திட்டுனதில்ல.

நல்லாப் பாத்துக்கங்க. வாங்குன நாள்ல இருந்து இந்த வண்டிக்கு ஒரு கிளெய்ம் கிடையாது. அம்பது பர்சென்ட் போனஸ், கட்டற காசுல பாதி தள்ளுபடி. உங்களுக்குத் தெரியாததா? ஒரு வருசம் கிளெய்ம் போடலைன்னா இருவது, அப்பறம் வருசா வருசம் ஏறி அம்பதுல வந்து நிக்கும், அதுக்கு மேல ஏறாது. ஒரே ஒருதரம் ஒரு பம்பருக்குக் கிளெய்ம் போட்டாலும் மொத்தமும் போச்சு. மறுக்கா சைபர்ல இருந்து ஆரம்பிக்கோணும். எங்க சொந்தத்துல கார் வெச்சிருக்கறவங்க எத்தனையோ பேரு, அம்பதுல நிக்கறவன் நான் ஒருத்தன்தான். ஒரு கல்யாணத்துல உக்காந்தா இதை நான் சொல்லாம விடமாட்டேன்.

அதுங்களா? அது 'எல்' ஸ்டிக்கருங்க. பாப்பா ஓட்டிப் பழகறப்ப ஒட்டுனது. லைசென்ஸ் வாங்கி நாலு வருசம் ஆச்சுதான். எடுக்கல. பழகிட்டாங்கன்னு யாரு சொல்றது? ஒரு காகிதத்தைக் கையில குடுத்துட்டா ஓட்டத் தெரிஞ்சுதுன்னு அர்த்தமா? இருக்கட்டும்னு விட்டுட்டேன். வெயில்ல செவப்பு வெளுத்துப் போச்சு, போட்டோவுல விழுமுங்களா? விழுந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே? சரி.

சிந்துஜான்னு பேரு. என்ற ஒரே பொண்ணு. அவங்கம்மா தவறுனப்ப பாப்பா ஆறாவது படிச்சுட்டிருந்துது. காய்ச்சல்னு ஆசுபத்திரிக்குப் போனவ, திரும்பி வரல. பொட்டப் புள்ளையை வெச்சுட்டு ஒத்தையில எப்படி வளப்பேன்னு எல்லாரும் கேட்டாங்க, வேற கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். பக்கத்து ஊட்டு அக்கா அவங்க புள்ளைக்குச் சடை பின்னறப்பத் திட்டு மேல நின்னு பாத்துப் பாத்து நானே பின்னப் பழகிட்டேன். மொத மொத பின்னுன சடை பள்ளிக்கூடம் போய்ச் சேர்றதுக்குள்ள அவுந்துருச்சு. பாப்பா அதைக் கையில புடிச்சுட்டே போச்சாம். எனக்கு இருக்கறது அது ஒண்ணுதானுங்க தம்பி. அப்ப ரோட்டுல விடறதுன்னா எனக்கு எப்படி இருக்கும்?

பதினாறுலயே அதுக்குக் கண்ணு வண்டி மேலதான். கூடப் படிச்ச பசங்கல்லாம் அப்பன் வண்டியை எடுத்துட்டுத் திரிஞ்சாங்க. இந்த ஊர்ல பாருங்க, மீசை மொளைக்காத பையன் கையில சாவியைக் குடுத்துட்டு, "என்ற பையன் எப்படி ஓட்டறான் பாத்தீங்களா"ன்னு பெருமை பேசற அப்பனுக இருக்காங்க. லைசென்ஸ் இல்லாதவன் போயி எவனையாச்சும் இடிச்சா உங்க ஆபீஸ்ல கையை விரிச்சிருவாங்க. கேஸு அப்பன் மேலதான் வரும். நான் சொல்லீட்டேன், பதினெட்டு முடியட்டும், எல்.எல்.ஆர். வாங்கு, அப்பறம் ஸ்டீயரிங்குல கை வெய்யின்னு. வெச்சுது. அதுவரைக்கும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.

அதுக்கும் முன்னால இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஒரு நடை போனேன். உங்க ஆபீஸ் இல்லீங்க, அப்ப வேற கம்பெனி. பாப்பாவையும் ஒட்டுக்காக் கூட்டிட்டுப் போனேன். "என்ற பொண்ணுக்குப் பதினெட்டு. இந்த வண்டியை ஓட்டப் போகுது. இன்சூரன்ஸ் எவ்வளவு எச்சாக் கட்டோணும்?"னு கேட்டேன். அங்க உக்காந்திருந்த அம்மா என்னை ஏற எறங்கப் பாத்தாங்க. "எச்சால்லாம் ஒண்ணுமில்லீங்க, லைசென்ஸ் இருந்தாப் போதும்"னாங்க. அதெப்படீங்க? இத்தனை வருசமா ஒரு கோடு விழாம ஓட்டறவனும், நேத்துப் பழகுன புள்ளையும் ஒண்ணா? வெளிநாட்டுலெல்லாம் சின்ன வயசுக்காரங்க ஓட்டுனா ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வாங்கறாங்களாமா. நல்லா ஓட்டறாங்கன்னு தெரிஞ்சாத்தான் கொறைப்பாங்களாமா. அதுதானுங்க நியாயம். அதையே அங்கயும் சொன்னேன். "இந்தப் புள்ளைக்கு நான் எப்படீங்க உத்தரவாதம் குடுக்கறது"ன்னும் கேட்டேன். பின்னால இருந்து ஒருத்தர், "நீங்க எச்சாக் குடுத்தா நாங்க வேண்டாம்னா சொல்றோம்"னாரு. ஆபீஸே சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டேன். பாப்பா மட்டும் சிரிக்கல. அதுக்குக் கொஞ்சம் நகைச்சுவை கம்மிங்க.

என்ஜின் நம்பரா? இருங்க, பானெட்டைத் தொறக்கறேன். துடைச்சுத்தான் வெச்சிருக்கேன், நீங்க துணி தேட வேண்டாம்.

நான் எப்படிச் சொல்லிக் குடுத்தேன் தெரியுமா? டிரைவிங் ஸ்கூல்காரன் மாதிரி கிளட்ச்சை விடு, கியரைப் போடுன்னு கத்தறதெல்லாம் கிடையாது. இந்த டேஷ்போர்டு மேல ஒரு டம்ளர். கீழ ரப்பர் வாசர் ஒண்ணு ஒட்டி, டம்ளர் நெறையத் தண்ணி. அவ்வளவுதான். வண்டி போய்ட்டு வர்றப்பத் தண்ணி சிந்தக் கூடாது. சிந்துனா ஓரங்கட்டி நிறுத்தி, துடைச்சு, பாட்டில்ல இருந்து மறுக்கா ரொப்பி, அப்பறம்தான் கெளம்போணும். மொத நாள் எங்க வீதி முக்குத் திரும்பறதுக்குள்ள நாலஞ்சு தரம் நிறுத்துனோம். பின்னால வந்தவனெல்லாம் ஹாரன் அடிக்கறான். பாப்பா நிறுத்தித் துடைக்கும், நிறுத்தித் துடைக்கும். சுடிதாரெல்லாம் நனைஞ்சு போயிரும். அழுதுச்சான்னு கேக்காதீங்க, நான் ரோட்டைத்தான் பாத்துட்டிருந்தேன்.

ஆனா வந்துருச்சுங்க. அதைச் சொல்லோணும். ஒரு நாள் மடத்துக்குளம் வரைக்கும் போயிட்டு ஊடு வந்து சேந்தோம், ஒரு பொட்டு சிந்தல. எனக்கே வராதுங்க அப்படி. பாப்பா ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு என்ற மூஞ்சியைப் பாக்குது. மூஞ்சியெல்லாம் வெளிச்சம். நான் பாராட்டுனாத் தலைக்கு ஏறிரும், தலைக்கு ஏறுனா வேகம் வரும், வேகம் வந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். "தண்ணி இன்னைக்குக் கொஞ்சம் கொறைச்சலா ஊத்தியிருக்கே"ன்னேன். டம்ளரை எடுத்து ஜன்னலுக்கு வெளிய கொட்டிட்டு எறங்கி உள்ள போயிருச்சு. நல்ல வேளை, தலைக்கு ஏறல.

அந்த வருசம் ஆனி மாசம்னு நெனைக்கறேன். பொள்ளாச்சில அதோட பிரெண்டு ஒருத்தியோட அக்காளுக்கு வளைகாப்பு. "நான் தனியாக் கார்ல போயிட்டு வரட்டுமாப்பா"ன்னு கேட்டுது. லைசென்ஸ் கைக்கு வந்திருந்துது. குடுத்தேனுங்க. நானே ஆணியில இருந்து சாவியை எடுத்துக் கையில குடுத்தேன். குடுக்காம இருந்தேன்னு யாரும் சொல்ல முடியாது. பட்டுப்பாவாடை தாவணி கட்டி, பூ வெச்சு, அவங்கம்மாவாட்டவே இருந்துது. கேட்டைத் தாண்டிப் போறப்பக் கையைக் காட்டுச்சு. நான் உள்ள வந்து உக்காந்தேன். உக்கார முடியலீங்க. இந்த ரோட்டுல போறவனெல்லாம் என்ற பொண்ணு மேல ஏத்தறதுக்குன்னே வர்ற மாதிரி இருக்குது. அப்படியே மொபெட்டை எடுத்துட்டுப் பின்னாலயே கெளம்பிட்டேன். ஹெல்மெட்டைத் தேடிட்டு இருந்தா வண்டி கண்ணுக்கு மறைஞ்சிரும், அதனால அப்படியே போனேன்.

அவ நெதானமாத்தான் போனா. நாப்பதைத் தாண்டல. நான் மொபெட்டுல பின்னால வர்றது தெரிஞ்சோ என்னமோ, இன்னும் மெதுவாப் போனா. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால ஒரு வளைவு வருமுங்க, நீங்க அந்த வழியாத்தான் வந்திருப்பீங்க. அங்க எனக்குப் பின்னால ஒரு டிப்பர் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிட்டே வர்றான். நான் ஓரமாத்தான் போறேன். ஓரத்து மணல்ல சக்கரம் கொஞ்சம் வழுக்குச்சு. விழல, காலை ஊணி நிறுத்திட்டேன். லாரி உரசற மாதிரி தாண்டிப் போச்சு. நிமிந்து பாக்கறேன், முன்னால நம்ம வண்டி ரோட்டை விட்டு எறங்கி மைல் கல்லுல மோதி நிக்குது.

கதவைத் தொறந்துட்டு ஓடியாறா. செருப்பு ஒரு பக்கம் கெடக்குது, தாவணி ஒரு பக்கம் இழுத்துட்டு வருது. "அப்பா, அப்பா, உங்களுக்கு ஒண்ணுமில்லையே"ங்கறா. எனக்கு என்ன? நான் பின்னாலதானே இருக்கேன். இடிச்சது வண்டிதானே. அவளைத் தாண்டிப் போயி மொதல்ல வண்டியைத்தான் பாத்தேன். பம்பர் ஒடைஞ்சு தொங்குது, ஒரு லைட்டுப் போச்சு. எனக்கு ஒடனே அம்பது பர்சென்ட்டுதான் கண்ணு முன்னால வந்து நிக்குது. ஒரு மைல் கல்லுக்குப் போயி அத்தனை வருச போனசைக் குடுக்கறதா?

"எப்படி இடிச்சே"ன்னு கேட்டேன். என்ன பதில் சொன்னா தெரியுமா? "கண்ணாடியில உங்களைத்தாம்ப்பா பாத்துட்டிருந்தேன். தலையில ஹெல்மெட் வேற இல்ல. லாரி உங்க மேல வர்ற மாதிரி இருந்துது"ங்கறா. கேட்டீங்களா கதையை. ஓட்டறவ ரோட்டைப் பாக்கோணுமா, பின்னால வர்றவனைப் பாக்கோணுமா? அத்தனை நாள் டம்ளர் வெச்சுச் சொல்லிக் குடுத்ததுக்கு இதுதான் பலன். அங்கயே, ரோட்டுலயே, நாலு பேரு கூடி நிக்கறப்பவே சொல்லீட்டேன், "இனி சாவியைத் தொடாதே"ன்னு. பஸ் ஏத்தி ஊட்டுக்கு அனுப்பீட்டு நான் வண்டிகிட்ட இருந்தேன். வண்டியை அப்படியே விட்டுட்டு வர முடியாதில்லீங்களா, டிங்கர் கடைக்காரன் வந்து இழுத்துட்டுப் போகோணுமே.

கிளெய்ம் போடல. கைக்காசுலயே சரி பண்ணுனேன். நீங்க இப்பத் தடவிப் பாருங்க, அந்த எடந்தான், எங்க ஒட்டுனதுன்னு கண்டுபுடிக்க முடியுதா? பாத்தீங்களா, முடியல.

அதுல இன்னொண்ணுங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கறேன், தோசையைச் சோத்தாங்கையில திருப்பிட்டு பீச்சாங்கையை மடியிலயே வெச்சிருக்குது. என்னடான்னு பாத்தா கட்டு. மணிக்கட்டு எலும்புல கீறல் விட்டிருக்குதாமா. அதுவே தனியாப் போயி டாக்டரைப் பாத்துட்டு வந்திருக்குது. "ஏன் பாப்பா எங்கிட்டச் சொல்லல"ன்னேன். "நீங்க கேக்கலியேப்பா"ங்குது. கேட்டாத்தான் சொல்றதா தம்பி? பெத்த அப்பன்கிட்டக் கையொடிஞ்சதைச் சொல்றதுக்கு மனு எழுதிக் குடுக்கோணுமா? அழுத்தம். அவங்கம்மாகிட்ட இருந்த அதே அழுத்தம்.

இருங்க, மீட்டரு போட்டோ எடுக்கறதுக்கு முன்னால இங்க வந்து கையைக் கழுவுங்க. சந்தகை இருக்குது, தேங்காப்பால் இருக்குது. வேண்டாம்னு சொல்லாதீங்க. நானே புழிஞ்சதுங்க. ஒத்தை ஆளு சந்தகை புழியறது எத்தனை கஷ்டம்னு உங்க ஊட்டுல கேட்டுப் பாருங்க. அரிசியை ஆட்டி, வேக வெச்சு, சூட்டோட மெசின்ல போட்டுத் திருகோணும். ஆறிட்டாத் திரும்பாது. தோளு வலி எடுத்துக்கும். எனக்கு ஒருத்தனுக்குன்னா ரசஞ்சோறு போதுமுங்க. உக்காருங்க.

சாவியைப் பத்தித்தானே சொல்லிட்டிருந்தேன். கோவத்துல சொல்றதுதானுங்க அது. ஒரு மாசம் கழிச்சு நானே சாவியை எடுத்து அது படிக்கற மேசைக்கு நேரா ஒரு ஆணி அடிச்சு மாட்டி வெச்சேன். கண்ணுல படட்டும்னு. எடுக்கல. காலேஜுக்குப் பஸ்ஸு, கடைக்குப் பஸ்ஸு, எங்க போனாலும் பஸ்ஸு. படிச்சு முடிச்சுது, வேலை கெடைச்சுது, பெங்களூர் போயிருச்சு. கோயமுத்தூர்லயும் வேலை கெடைச்சுது, இருந்தாலும் பெங்களூர்தான் நல்லதுன்னு சொல்லுச்சு. அங்கயும் கூட இருக்கற புள்ளைகல்லாம் கார், ஸ்கூட்டின்னு சுத்துதுகளாமா. நம்ம பாப்பா எதையும் தொடறதில்ல. எங்கிட்டப் பழகுன பழக்கமுங்க, சாக்கிரதை.

பண்டிகைக்கு வரும். போன தீவாளிக்கு வரல, வேலை. பொங்கலுக்கும் வரல. மாசத்துல ஒருக்கா போன் பண்ணும். "சாப்டீங்களாப்பா", "மாத்திரை போட்டீங்களாப்பா", அவ்வளவுதான். நான் "ம்"பேன். வேற என்னத்தைப் பேசறதுங்க? எனக்குப் பேச வராது. வண்டியைப் பத்திக் கேட்டா நாள் பூராப் பேசுவேன், அது வண்டியைப் பத்திக் கேக்கறதே இல்ல.

கேக்க வெச்சது இன்சூரன்ஸ்தான். எப்படீன்னு கேளுங்க. கம்ப்யூட்டர்ல கட்டறதெல்லாம் பாப்பாதான் பண்ணிக் குடுத்துது. போன் நம்பர் போடோணும்னுச்சு. என்ற நம்பரைக் குடுத்தா லோன் வேணுமா, பிளாட்டு வேணுமான்னு பொழுதோட வரைக்கும் ஒருத்தன் மாத்தி ஒருத்தன் கூப்புடுவான், உன்ற நம்பரையே போடுன்னேன். போட்டுது. போன வருசம் கட்டற தேதியை நான் நெசமாலுமே மறந்துட்டேன். உங்க ஆபீஸ்ல இருந்து மெசேஜு அதுக்குப் போயிருக்குது. ஒடனே எனக்குப் போன். "அப்பா, இன்சூரன்ஸ் முடியப் போகுது, கட்டிட்டீங்களா?" அப்படி ஆரம்பிச்சு, டயரு எப்படி இருக்குது, ஷெட்டு ஒழுகுதா, கறிவேப்பிலைச் செடி பொழைச்சுதான்னு எங்கெங்கயோ போச்சு. எத்தனை நேரம் பேசுனோம் தெரியுமா? அடுப்புல வெச்ச பாலு பொங்கி வழிஞ்சு கருகற வரைக்கும் பேசுனோம்.

இந்த வருசம் மறக்கலீங்க. யாருகிட்டயும் சொல்லீராதீங்க. தேதி தெரியும். கட்டல.

மொதல்ல ஒரு போன் வந்துது, "கட்டுங்கப்பா"ன்னு. கட்டறேன்னேன். அப்பறம் வாரா வாரம் வந்துது. தேதி தாண்டுன அன்னிக்கு ரெண்டு தரம் வந்துது. திட்டுச்சு. நல்லாத் திட்டுச்சு. நான் போனைக் காதோட அமுக்கி வெச்சுக் கேட்டுட்டே இருந்தேன். என்ற பொண்ணு என்னைத் திட்டி எத்தனை வருசமாச்சு. "இப்பத் தேதி தாண்டிருச்சு, சும்மாக் கட்ட முடியாது, வண்டியைச் சுத்தி வீடியோ எடுத்து அனுப்போணும்"னுச்சு. எனக்கு வீடியோ எடுக்கத் தெரியாதுன்னேன். தெரியுமுங்க. மயில் வந்தா எடுத்து வெச்சுக்குவேன்.

கடைசியாப் பேசுனப்ப சொல்லுச்சு, "தொண்ணூறு நாள் தாண்டுனா உங்க போனஸ் போயிரும்ப்பா". 'உங்க போனஸ்'ங்கறதை மட்டும் ஒரு மாதிரி அழுத்திச் சொல்லுச்சு. நான், "போனாப் போகுது பாப்பா"ன்னேன். லைன் கட்டாயிருச்சோன்னு அலோ அலோங்கறேன். அப்பறம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுது. பெங்களூர்ல குளிரு, சளி புடிச்சிருக்கும். அப்பறம் சொல்லுச்சு, "நான் வர்றேம்ப்பா. சனிக்கெழமை வர்றேன். நானே வீடியோ எடுத்து நானே கட்டித் தர்றேன்"னு.

அன்னிக்கு எனக்குத் தூக்கம் புடிக்கலீங்க. மறுநாள் அதோட ரூமைக் கழுவி விட்டேன். பாயி தலகாணியை வெயில்ல போட்டேன். வண்டியை நீங்க பாக்கற மாதிரி துடைச்சேன். சந்தகை மெசின் துருப்புடிச்சுக் கெடந்துது, எண்ணெய் போட்டுத் தேச்சேன். பாப்பாவுக்குச் சந்தகைன்னா உசுரு. வியாழக்கெழமை போன் வந்துது. லீவு கெடைக்கலியாமா. "ஆபீஸ்ல பேசிட்டேன்ப்பா, ஆள் அனுப்பறாங்க, காசும் நான் கட்டிக்கறேன், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்"னு சொல்லுச்சு. சரின்னேன். இருந்தாலும் அரிசியை ஊறப் போட்டுட்டேன். ஒருவேளை வந்து நின்னுட்டா? வெடியால கேட் தொறக்கற சத்தம் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடியாந்தேன் தம்பி. வெளிய வந்தா நீங்க நிக்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குக் கொஞ்சம் பொக்குன்னு ஆயிருச்சு.

இன்னும் கொஞ்சம் தேங்காப்பால் ஊத்திக்கங்க. உங்களுக்குக் கொழந்தைக? பொண்ணா? எத்தனாவது? ரெண்டாவதுங்களா. நல்லாப் பாத்துக்கங்க. ஆனா ஒண்ணு, வண்டி ஓட்டற வயசு வந்துதுன்னா இந்த டம்ளரு வெச்சுப் பழக்குங்க. கைமேல பலன் குடுக்கும்.

என்ற போனா சத்தம் போட்டுது? அதா, டிவி மேல இருக்குதுங்க. பாப்பாவா இருக்குமோ? மெசேஜா? கண்ணாடி எங்கயோ வெச்சுட்டேன், நீங்களே சித்தெப் படிச்சுச் சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல இருந்தா? எனக்கு எதுக்கு வருது, நான் நம்பரே குடுக்கலியே.

ஓ. பாப்பா மாத்திருச்சா. இனிமே எல்லா மெசேஜும் இந்த நம்பருக்கே வருமா.

நல்லதுதானுங்க. பொறுப்பு வந்துருச்சு பாருங்க. அதுக்கு ஆயிரம் வேலை, இதுல எனக்கு வேற ஞாபகப்படுத்திட்டு இருக்கோணுமா. அப்பன் வண்டி, அப்பன் பாத்துக்கட்டும். சரிதானே. நியாயந்தானே.

அப்ப அடுத்த வருசம் நான் கட்டுனனா, கட்டலையான்னு அதுக்குத் தெரியாதுங்களா? ஒண்ணுமே போகாதா அதுக்கு? ஒரு சின்ன மெசேஜு கூட?

இல்லீங்க, சும்மாத்தான் கேட்டேன்.

கெளம்பிட்டீங்களா? இருங்க, மிச்சச் சந்தகையை டப்பாவுல போட்டுத் தர்றேன், உங்க பாப்பாவுக்குக் கொண்டுட்டுப் போங்க. இங்க யாரு திங்கறது. டப்பா திருப்பித் தர வேண்டாம். இல்ல, தர்றதுன்னா தாங்க, இந்தப் பக்கம் வந்தா உள்ள வாங்க, டீ வெச்சுத் தர்றேன்.

என்னங்க? பாப்பா உங்களைக் கூப்புட்டுச்சா? எப்ப? வர்ற வழியிலயா? இதை ஏன் இத்தனை நேரம் சொல்லல? என்ன சொல்லுச்சு? வண்டியைப் பாத்து முடிச்சதும் அப்பா எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொல்லச் சொல்லுச்சா. மொபெட்டுல போறப்ப ஹெல்மெட் போடறாரான்னு கேக்கச் சொல்லுச்சா. வண்டி எப்படி இருக்குதுன்னு கேக்கலியா? ஒண்ணுமே கேக்கலியா வண்டியைப் பத்தி?

அப்ப ஒண்ணு பண்ணுங்க தம்பி. உங்களைக் கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கறேன். வண்டி நல்லா இருக்குது, ஒரு கோடு இல்லைன்னு சொல்லீருங்க. ஹெல்மெட்டா? அதை, அப்பாவைக் கேட்டேன், பதில் சொல்லலைன்னு சொல்லுங்க. அப்பறம் அப்பா எப்படி இருக்காருன்னு கேக்குமில்ல, அப்ப மட்டும், நல்லா இருக்காருன்னு சொல்லீராதீங்க.